செம்பருத்தியைச் சுற்றி ஒரு கூண்டு

அத்தியாயம் 11

இரண்டு பூந்தொட்டிகளைப் பிக்கப் வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ரொஷெல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பாராட்டுக்குக் காத்திருக்கும் நிற்பு அது.

“எப்படி இருக்கு?”

அனுஹேயா அவற்றை உற்றுப் பார்த்தாள். தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து ஓர் இலையை முகர்ந்து பார்த்தாள். பதினோரு வயதுதான் ஆகிறது, ஆனால் சந்தையில் மாடு பிடிக்க வந்தவருக்குக்கூட அவ்வளவு சந்தேகம் இருக்காது.

“ஆன்ட்டி, இது உங்க பண்ணையிலேருந்தா?”

“பின்னே? கூலா முழுக்கத் தேடினாலும் இவ்ளோ செழிப்பா கிடைக்குமா? ஒரு இலையில ஒரு ஓட்டை காட்டு பார்ப்போம்!”

“அதான் கேக்கறேன். ஏன் ஒரு ஓட்டைகூட இல்ல? மருந்து அடிச்சதா?”

ரொஷெல் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். 

பூப்பண்ணையில் வேலை பார்த்துப் பார்த்து, மருந்து அடிக்காத செடி என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. இலையில் புழு கடித்த தடம் தெரிந்தால் மேனேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். நல்ல செடி என்றால் பூச்சி தொடாத செடி. அவளுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

“கழுவிடலாம்டி. சோப்புத் தண்ணி போட்டு, ஒவ்வொரு இலையா தொடைச்சு...”

“வேர் வழியா உள்ள போற மருந்துன்னு நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க? பூச்சி இந்த இலையைக் கடிக்கும். அந்தப் பூச்சியை முசுபி சாப்பிடும். அப்புறம் முசுபி?”

முசுபி அப்போது துணிக்கொடியின் ஓரத்தில், வெயில் காயப் போட்டிருந்த மூங்கில் கழியில் உட்கார்ந்திருந்தது. மூன்று கொம்புள்ள ஆண் பச்சோந்தி. ஒரு கண்ணால் தொட்டியைப் பார்த்தது, இன்னொரு கண்ணால் எங்கோ பார்த்தது. தன் கூண்டுக்குள் வைக்க வந்த செடியிலிருந்து உயிர் தப்பியது அதற்குத் தெரியாது.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இந்த முசுபியைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அனுஹேயா, ரொஷெலின் கணவன் நைனோவாவுக்கும் அவன் முதல் மனைவி லெஹுவாவுக்கும் பிறந்த மகள். ஹொனலூலுவில் கலிஹி என்ற பேட்டையில் அம்மாவோடு இருப்பவள். பள்ளி விடுமுறைக்கு மாவி தீவுக்கு, அப்பாவும் ரொஷெலும் இருக்கும் கூலா மலைப்பக்கத்து வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து ரொஷெலிடம் ‘ம்’, ‘சரி ஆன்ட்டி’ என்ற இரண்டுக்கு மேல் பேச்சில்லை. ஆன்ட்டி என்று கூப்பிடுகிறாளே என்று சந்தோஷப்படவும் வழியில்லை. இந்தத் தீவுகளில் மளிகைக் கடையில் பில் போடுகிறவளும் ஆன்ட்டிதான்.

அப்புறம் ஒருநாள் அவகாடோ மரத்திலிருந்து ஒரு பச்சோந்தி நழுவி, ரொஷெல் காயப்போட்ட படுக்கை விரிப்பில் வந்து விழுந்தது. பச்சைத் தோல் சுற்றிய உடம்பைப் பார்த்து, கடற்பாசியில் சுற்றிய ‘முசுபி’ சோற்று உருண்டை மாதிரி இருக்கிறது என்று அதற்கு முசுபி என்றே பெயர் வைத்தாள் அனு. அன்றைக்குத் திறந்த வாய்தான். இன்னும் மூடவில்லை.

ரொஷெலுக்குச் சொந்தமாகக் குழந்தை இல்லை. வேண்டாம் என்று இருந்ததில்லை, வாய்க்கவில்லை. இந்த விடுமுறை முடியக் கூடாது என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதனால்தான், ‘முசுபி என்னோட பிளேன்ல வருமா ஆன்ட்டி?’ என்று அனு கேட்டபோது, வராது என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டியதை, ‘பார்க்கலாம்’ என்று இழுத்துவிட்டாள். பச்சோந்தியைத் தீவு விட்டுத் தீவு கொண்டுபோகக் கூடாது. சட்டம். அனுவுக்கு அது தெரியும்போது ஒன்று இங்கேயே இருக்கிறேன் என்பாள், இல்லை ரொஷெலின் முகத்தில் முழிக்க மாட்டாள். இன்றைக்கு மத்தியானம் லெஹுவா வருகிறாள். நாளைக்குச் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

“அப்ப செடிக்கு எங்க போறது?” என்றாள் ரொஷெல்.

அனு தோட்டத்தை நோட்டம் விட்டாள். துணி துவைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி. யாரும் வைத்ததில்லை, யாரும் வெட்டியதில்லை. இலை பூராவும் சல்லடை. ரொஷெலைக் கேட்டால் முதலில் பிடுங்கிப் போட வேண்டிய செடி.

அனு அதன் முன்னால் போய் நின்றாள். “எத்தனை ஓட்டை பாருங்க! எவ்ளோ பூச்சி வருது! ஆன்ட்டி, செடியைக் கூண்டுக்குள்ள வைக்கறதுக்குப் பதிலா, கூண்டைச் செடியைச் சுத்திக் கட்டினா என்ன?”

ரொஷெலுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. வேர் விட்ட செடியைச் சுற்றிக் கூண்டு. அதை யாரும் நகர்த்த முடியாது. ஊருக்குப் போகிற பிள்ளை நகர்த்த முடியாத கூண்டை ஏன் கேட்கப்போகிறாள்? இங்கேயே இருந்துவிடத்தான் நினைக்கிறாளோ?

“கட்டலாமே! தாராளமா கட்டலாம்! நோவா! ஏய் நோவா! கடப்பாரையை எடுத்துட்டு வா!”

நைனோவா காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தான். மாட்டுப் பண்ணையில் வேலி போடுகிறவன். கூண்டு விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை மூக்கு அறுபட்டவன். போன வாரம் அவன் கட்டிக் கொடுத்தது அசல் சண்டைச் சேவல் கூண்டு. மூன்று பக்கம் தகரம், தரையில் தண்ணீர்க் கிண்ணம். ‘இதுக்குள்ள காத்தே வராதுப்பா, அதுக்கு மூச்சு முட்டிடும். கிண்ணத்துல இருக்கறதைத் தண்ணின்னே அதுக்குத் தெரியாது. இலையில சொட்டினாத்தான் குடிக்கும்’ என்று மகள் சொன்னபோது, அவன் தகரத்தைத் தட்டிக் காட்டி, ‘எங்க சேவல் எதுவும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல’ என்றான். அப்புறம் அவனே தகரத்தைக் கழற்றினான்.

“மரச்சட்டம் ரெடியா இருக்கு. அடிப்பலகையை அறுத்துட்டு அப்படியே செடி மேல கவுக்க வேண்டியதுதான்” என்றான் இப்போது. “ஆனா கம்பி வலையை மண்ணுக்குள்ள முழங்கை ஆழம் இறக்கணும்.”

“ஏன்ப்பா? முசுபி தோண்டாதே.”

“முசுபி தோண்டாது. கீரி தோண்டும்.”

அனு நின்று அப்பாவை ஒரு புது மரியாதையோடு பார்த்தாள். அவளுக்குத் தோன்றாத ஒன்று! நைனோவா தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பை மறைத்தான்.

அப்புறம் ஆரம்பித்தது வேலை. அடிப்பலகை அறுபட்டது. நைனோவா பள்ளம் தோண்டினான். ஆள் நுழையும் அளவுக்குக் கதவு. ஆனால் கவனித்துப் பார்த்தால், ஒரு வேலையையும் அனு தன் கையால் செய்யவில்லை. எல்லாவற்றையும் ரொஷெலிடமே தள்ளினாள்.

“கிளையை நீங்க கட்டுங்க ஆன்ட்டி. உங்க விரல் தடிமன்ல ஒண்ணு, கட்டைவிரல் தடிமன்ல ஒண்ணு. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா அதுக்குக் கால் வலிக்கும்.”

“பார்றா! எனக்குக்கூடத்தான் கால் வலிக்குது. யாராவது கேட்டீங்களா?”

“காலை வெயில் எந்தப் பக்கம் வருது, சொல்லுங்க?”

“அந்தப் பக்கம்.”

“அப்ப நிழல் எங்க வேணும்?”

“எனக்கா, முசுபிக்கா?”

“ஆன்ட்டி!”

“சரி சரி. இந்தப் பக்கம். அதுக்கு ரெண்டும் வேணும். சூடு ஏறினா நிழலுக்கு நகர்ந்துக்கும். பாஸா?”

“பாஸ். இப்ப வெட்டுக்கிளி.”

வெட்டுக்கிளியை நுனிவிரலில் பிடித்து நீட்ட வேண்டும். கையை ஆட்டக் கூடாது. ரொஷெல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நீட்டினாள். மூங்கில் கழியிலிருந்த முசுபி இரண்டு கண்ணையும் ஒருசேர முன்னால் கொண்டுவந்தது. சப்பென்று ஒரு சத்தம். விரலில் ஒன்றுமில்லை.

“ஐயோ!” என்று அலறிவிட்டு அடுத்த நொடி, “இன்னொண்ணு இருக்கா?” என்றாள் ரொஷெல்.

என்மேல் எவ்வளவு நம்பிக்கை இந்தக் குட்டிக்கு என்று அவளுக்குக் கண் கலங்கியது. ஏன் எல்லாவற்றையும் தன்னிடமே தள்ளுகிறாள் என்ற கேள்வி மனசின் ஓரத்தில் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. சந்தோஷமாக இருக்கும்போது யார் கேள்வியைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்?

*

கஹுலுயி விமான நிலையத்துக்கு ரொஷெல்தான் போனாள். பள்ளத்தைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்று நைனோவா நழுவிவிட்டான். பழைய மனைவியை அழைத்து வரப் புது மனைவி. ஆண்பிள்ளைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில் மட்டும் பள்ளம் ரொம்ப ஆழமாகிவிடும்.

லெஹுவா தோளில் ஒரு பையும் கையில் மலசாடா என்ற இனிப்புப் பலகாரப் பெட்டியுமாக வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்து அப்படியே விமானம் ஏறியவள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

“இது உங்களுக்கு” என்று பெட்டியை நீட்டினாள். “உங்க வீட்டுல செய்யற மாதிரி இருக்காது.”

“சாப்பிடறதுக்கு எங்க வீட்டுது, அடுத்தவங்க வீட்டுதுன்னு உண்டா? குடுங்க.”

“அப்புறம் இது” என்று பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டி வைத்திருந்த புது ட்ரிப்ஸ் குழாயைக் காட்டினாள். “அனு கொண்டுவரச் சொன்னா. எதுக்குன்னு சொல்லல. எங்கிட்ட போன்ல ‘ம்’, ‘சரிம்மா’. அவ்ளோதான் பேச்சு.”

ரொஷெலுக்குள்ளே ஒரு குட்டிச் சந்தோஷம் தலை தூக்கியது. சீ, என்று அதை அமுக்கினாள். வண்டி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது. 

“ரொஷெல், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கலிஹி வீட்டைக் காலி பண்ணிட்டேன்.”

“என்னது?”

“வேகாஸ்ல என் அண்ணன் இருக்கான். அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. பகல் வேலை. பிள்ளை தூங்கற நேரத்துல நானும் வீட்டுல இருக்கலாம். நாளைக்கு ஹொனலூலு போறோம். செவ்வாய்க்கிழமை அங்கேருந்து கிளம்பறோம்.”

“அனுவுக்குத் தெரியுமா?”

லெஹுவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நேர்ல சொல்லணும்னு இருந்தேன். ஹொனலூலு போனதும் சொல்லிடறேன். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க.”

வேகாஸ்! தீவு விட்டுத் தீவு இல்லை, கடல் தாண்டிப் பாலைவனம். ரொஷெல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

“அவ அந்தப் பச்சோந்தி மேல உசிரா இருக்காளாமே, நைனோவா சொன்னான்” என்றாள் லெஹுவா. “கூட எடுத்துட்டு வரேன்னு சொல்லுவா. அது முடியாதுல்ல?”

“முடியாது. அது வெளியிலேருந்து வந்து இங்க பெருகின ஜாதி. நம்ம நத்தை, பூச்சியெல்லாம் தின்னு தீர்த்துடும். அதனால இந்தத் தீவைத் தாண்டக் கூடாது.”

“சொல்லிட்டீங்கல்ல அவகிட்ட?”

ரொஷெல் கியரை மாற்றினாள். மாற்றத் தேவையே இல்லாத இடம்.

“ரொஷெல்?”

“பார்க்கலாம்னு சொன்னேன்.”

“பார்க்கலாமா? பூப்பண்ணையில வேலை பாக்கறவ நீ. ஒவ்வொரு பெட்டியும் சோதனை முடிஞ்சுதான் பிளேன் ஏறும். உனக்குத் தெரியாதா இது?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததை இருவருமே கவனித்தார்கள். இருவருமே அதைத் திருத்தவில்லை.

“தெரியும்.”

“அப்ப வேணும்னேதான் சொல்லல.”

“ஆமா. வேணும்னேதான். எனக்கு அவ போகக் கூடாதுன்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு. போதுமா?”

“எம் பொண்ணை ஒரு ஓணானைக் காட்டிக் கட்டிப்போடப் பாத்தியா?”

“நீ மட்டும் என்ன? அவ கட்டில் இப்ப எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியுமா?”

லெஹுவாவின் முகம் சுருங்கிப் போனது. “பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்” என்றாள் மெல்ல. அதற்குப் பிறகு அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூக்கம் கெட்டவர்கள் அழுகிற அழுகை.

ரொஷெல் வண்டியை ஓரம் கட்டினாள். பலகாரப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். லெஹுவா வாங்கிக் கடித்தாள். ரொஷெலும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். கோபம் இருந்தது, பசியும் இருந்தது.

“நான் முசுபியைப் பத்தி இன்னிக்கே சொல்லிடறேன்” என்றாள் ரொஷெல். “நீ வேகாஸைப் பத்திச் சொல்லு. இன்னிக்கே. ஹொனலூலு போய் இல்ல.”

“யாரு முதல்ல?”

ரொஷெல் கைவிரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டாள். வண்டியைக் கிளப்பினாள்.

*

வீடு போய்ச் சேரும்போது மேகம் இறங்கியிருந்தது. மத்தியானம் ஆனால் கூலாவில் அப்படித்தான், எதிர் வீட்டுக் கூரைகூட மறைந்து போகும். அந்த ஈரத்துக்குள்ளே கூண்டு முழுசாக நின்றது. நான்கு பக்கமும் பச்சைக் கம்பி வலை, நடுவில் செம்பருத்தி, குறுக்கும் நெடுக்குமாக ரொஷெல் கட்டிய கிளைகள்.

அனு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையோடே, “குழாய் கொண்டுவந்தியா?” என்றாள்.

“வந்ததும் வராததுமா குழாயா? அம்மாவைக் கேக்க மாட்டியா?”

“எப்படிம்மா இருக்க? குழாய் எங்க?”

லெஹுவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனோவா தூரத்திலிருந்தே மண் படிந்த கையை ஆட்டினான். கூண்டின் மேலே தண்ணீர் பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. அனு குழாயை மாட்டினாள். தண்ணீர் இலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

“இவ்ளோ வேகமா விட்டா பேஷன்ட் போய்ச் சேர்ந்துடுவான். தள்ளு” என்றாள் லெஹுவா. உள்ளே நுழைந்து குழாயின் உருளையைக் கட்டைவிரலால் தள்ளினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொட்டுகளைப் பார்த்தாள். ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கையை எடுத்தாள். எடுக்கும்போது முகமே மாறியிருந்தது, தன் வேலையை ஒழுங்காகச் செய்தவளின் முகம்.

“இப்ப சரி.”

அனு முசுபியைக் கழியோடு தூக்கி வந்து செம்பருத்திக் கிளையில் சாய்த்தாள். முசுபி நகரவில்லை. உடம்பு கறுத்துப் போயிருந்தது. பயம். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஒரு கால் எழுந்தது. எழுந்த கால் காற்றிலேயே நின்று முன்னும் பின்னும் ஆடியது, வைக்கலாமா வேண்டாமா என்று. வைத்தது. அடுத்த கால். இப்படியே ஆடி ஆடி, சொட்டு விழுகிற இலை வரைக்கும் போய்விட்டது. ஒரு சொட்டு அதன் மூக்கில் விழுந்தது. வாயைத் திறந்தது.

“குடிக்குது!” என்று லெஹுவா கிசுகிசுத்தாள். “அனு, குடிக்குதுடி!”

“ஷ்ஷ்!”

“அது உன்னை அடையாளம் தெரிஞ்சுக்குமா?”

“இல்லம்மா. நம்மளை மரம்னு நினைக்கும். கொஞ்சம் அதிகமா பேசற மரம்.”

கறுப்பு மெல்ல மெல்ல வடிந்து, கழுத்தில் பச்சை வந்தது, அப்புறம் வயிற்றில். இரண்டு இலைக்குப் பின்னால் அது நகர்ந்தபோது நான்கு பேருக்கும் அது காணாமல் போனது. “எங்கே?” “அதோ!” “அது இலை.” “வால் தெரியுது பாரு!” “அதுவும் இலை.” கொஞ்ச நேரம் அந்த வீட்டில் பழைய மனைவி, புது மனைவி என்று யாருமில்லை. எல்லோரும் தேடினார்கள்.

கண்டுபிடித்தது நைனோவா. எல்லோரும் பார்த்து முடித்தபிறகு ரொஷெல் மூச்சை இழுத்து விட்டாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

“அனு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ திட்டினாலும் பரவாயில்ல. முசுபி பிளேன்ல வராது. சட்டம் இருக்கு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல.”

“தெரியும் ஆன்ட்டி” என்றாள் அனு.

“என்ன தெரியும்?”

“வராதுன்னு. முதல் நாளே நெட்ல தேடிப் பார்த்துட்டேன். ஸ்கூல்லகூட சொல்லியிருக்காங்க.”

“அப்புறம் ஏன்டி என்னைக் கேட்ட?”

“உங்களுக்குத் தெரியுமான்னு பார்த்தேன். நீங்க பார்க்கலாம்னீங்க. ஐயோ பாவம், இவங்களுக்குத் தெரியல போலன்னு விட்டுட்டேன்.”

நைனோவா ஒரு சிரிப்பைத் தும்மலாக மாற்றினான். ரொஷெலுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. அவள் கூண்டைப் பார்த்தாள். நகர்த்த முடியாத கூண்டு.

“அப்ப இதெல்லாம் எதுக்கு? செடியைச் சுத்திக் கட்டி, இவ்ளோ பாடுபட்டு?”

அனு காலால் மண்ணைக் கிளறினாள். “உங்களுக்குத்தான்.”

“எனக்கா?”

“அப்பா இருட்டின அப்புறம்தான் வராரு. வந்தா சாப்பிட்டுத் தூங்கிடறாரு. நீங்க ரைஸ் குக்கர்கிட்ட பேசறீங்க ஆன்ட்டி. நான் பார்த்தேன். ‘என்ன, இன்னும் வேகலையா ராசா’ன்னு அதுகிட்ட கேட்டீங்க.” அவள் நிமிர்ந்தாள். “நான் போயிட்டா யாருகிட்ட பேசுவீங்க? அதான் முசுபி. அதான் எல்லாத்தையும் உங்களையே செய்ய வச்சேன். இல்லன்னா நான் போய் ஒரே வாரத்துல நீங்க அதைக் கொன்னுடுவீங்க.”

 கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் ரொஷெல் உட்கார்ந்தாள். இந்தப் பிள்ளையைக் கட்டிப்போட அவள் போட்ட திட்டமென்ன! போகும்போது தன்னைத் தனியாக விட்டுப்போகக் கூடாது என்று இந்தப் பிள்ளை போட்ட திட்டமென்ன! வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேல் ஒரு பாசம், வலிக்கிற அளவுக்கு.

“இங்க வாடி” என்றாள். அனு வந்தாள். ரொஷெல் அவளை இறுக்கிக்கொண்டாள். பிள்ளையின் தலைமுடியில் செம்பருத்தி இலை ஒட்டியிருந்தது.

“அழாதீங்க ஆன்ட்டி. கிறிஸ்துமஸுக்கு வருவேன்ல? கலிஹியிலேருந்து எவ்ளோ தூரம்? ஏறி உக்காந்து ஜூஸ் குடிச்சா முடிஞ்சுது. என் ஜன்னல்லகூட ஒரு செம்பருத்தி வைக்கப்போறேன்மா. இதுலேருந்தே ஒரு குச்சி ஒடிச்சுக்கலாம்ல?”

லெஹுவா குழாயின் உருளையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சரியாக விழுந்துகொண்டிருந்த சொட்டு நின்றே போனது.

ரொஷெல் அனுவின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னால் போதும். பிள்ளை அம்மாவை வெறுப்பாள். வெறுத்து இங்கேயே ஒட்டிக்கொள்வாள். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அவள் கைக்குள் இருந்தது தனக்காகக் கூண்டு கட்டிய பிள்ளை.

“லெஹுவா” என்றாள். “நீயே சொல்லிடு. என் வாயால வரக் கூடாது.”

“என்னம்மா?” என்றாள் அனு.

லெஹுவா சொன்னாள். அலங்காரமில்லாமல் சொன்னாள். வீடு இல்லை, கட்டில் இல்லை, ஜன்னல் இல்லை. செவ்வாய்க்கிழமை, வேகாஸ், மாமா வீடு, பகல் வேலை. உனக்காகத்தான்டா கண்ணு என்று சேர்த்துக்கொண்டாள். நைனோவா கையிலிருந்த கடப்பாரையைக் கீழே போட்டான். அவனுக்கும் இது புதுச் செய்தி.

அனு நிதானமாக ரொஷெலின் கையை விலக்கிவிட்டுத் தள்ளி நின்றாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் ஆன்ட்டி?”

“இன்னிக்குத்தான். வண்டியில.”

“ம்” என்றாள் அனு. பழைய ‘ம்’.

அவள் கூண்டைப் பார்த்தாள். முசுபி எங்கிருக்கிறது என்று இப்போது அவள் தேடவில்லை.

“முசுபிக்கு வெயில் வேணுமா, நிழல் வேணுமா, தண்ணி எப்படி வேணும்னு தேடித் தேடிக் கண்டுபிடிச்சோம். அதுக்குப் பேச வராது. அதனால நாமளே பார்த்துக் கண்டுபிடிச்சோம். எனக்குப் பேச வரும்லம்மா? ஏன் என்னைக் கேக்கல?”

லெஹுவா மறுபடி குழாயின் உருளையைப் பிடித்துக்கொண்டாள். 

அதைப் பார்த்துக்கொண்டு இருக்க ரொஷெலால் முடியவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

“அப்ப நீ இங்கயே இருந்துடேன் கண்ணு.”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

அனு அவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்களும் கேக்கல ஆன்ட்டி. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

வாசலில் செருப்பைக் கழற்றி, எப்போதும்போல ஜோடியாக வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு முன்னால் இரண்டு பெண்களும் நின்றார்கள். தட்டுவதற்கு இருவருக்குமே கை வரவில்லை.